வாழைப்பழம் மசிப்பது எப்படி: குழந்தைக்கு ஒரு பதம், கேக்குக்கு ஒரு பதம்

முதல் முறை வாழைப்பழ கேக் செய்தபோது குறிப்பில் '3 பழம்' என்று இருந்தது. வீட்டில் இருந்தது ஏலக்கி. எண்ணி மூன்றை உரித்து மசித்துப் போட்டேன். வெந்து வந்தது கேக் இல்லை, செங்கல். அந்தக் குறிப்பு சொன்னது மோரிஸ் அளவுப் பழத்தை என்பது பிறகுதான் உறைத்தது. நடுத்தர மோரிஸ் ஒன்று தோல் நீக்கி 100 முதல் 120 கிராம் வரும். ஏலக்கி அதில் பாதி தேறினாலே அதிகம். அன்றிலிருந்து நான் பழத்தை எண்ணுவதில்லை, மசியலை அளக்கிறேன். ஒரு கப் என்றால் ஏறத்தாழ 225 கிராம்.

முதலில் பழம்

மசிப்பதில் பாதி வேலையைப் பழமே செய்துவிடும், சரியாகப் பழுத்திருந்தால். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. கேக்குக்கு, தோல் பாதிக்குமேல் கறுத்து, 'இதை யார் சாப்பிடுவார்கள்' என்று வீட்டில் ஒதுக்கி வைக்கும் பழம்தான் வேண்டும். குழந்தைக்கு அவ்வளவு கனிய வேண்டாம். மஞ்சள் தோலில் அங்கங்கே கரும்புள்ளி விழுந்திருந்தால் போதும். காம்பில் பச்சை இருந்தால் தொடாதீர்கள். ஒரு நாள் அரிசிப் பானைக்குள் புதைத்து வையுங்கள், பழத்திலிருந்து வரும் எத்திலின் வாயு வெளியே போகாமல் சீக்கிரம் பழுக்கும்.

குழந்தைக்கு மசிக்கும்போது

ஆறு மாதம் முடிந்த பிறகுதான் திட உணவு. ஏலக்கி, மலைவாழை எல்லாம் நன்றாக மசியும். கன்னியாகுமரிப் பக்கம் என்றால் மட்டிப்பழம்தான். கற்பூரவள்ளியில் மட்டும் கவனம்: சில பழங்களில் மிளகு மாதிரி கெட்டியான விதை இருக்கும்.

1. கை, கிண்ணம், கரண்டி மூன்றையும் நன்றாகக் கழுவுங்கள்.

2. பழத்தை உரித்து, தோலோடு ஒட்டி வரும் நாரையும் இரண்டு நுனிகளையும் எடுத்துவிடுங்கள்.

3. சிறு துண்டுகளாக்கி, முள்கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். குத்த வேண்டாம், அழுத்தி இழுக்க வேண்டும். குத்தினால் கட்டி நழுவி ஓடும்.

4. முதல் சில நாட்களுக்கு வடிகட்டியில் தேய்த்து எடுத்தால் கட்டியே இருக்காது. கெட்டியாக இருந்தால் தாய்ப்பாலோ, கொதித்து ஆறிய தண்ணீரோ சில சொட்டு விடுங்கள்.

நேந்திரம்பழம் என்றால் வேக வைக்க வேண்டும். தோலோடு இரண்டு மூன்று துண்டாக்கி இட்லிப் பானையில் 10 முதல் 15 நிமிடம். ஆறியதும் நெடுக்காகப் பிளந்து, நடுவில் ஓடும் கறுப்பு நாரை வழித்துவிட்டு மசியுங்கள். வெண்ணெய் மாதிரி வரும்.

சர்க்கரை, உப்பு எதுவும் வேண்டாம். தேன் 1 வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கலாம். நாக்கில் தேன் தடவுகிற பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்! 'வாழைப்பழம் கொடுத்தால் சளி பிடிக்கும்' என்றும் சொல்வார்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ், பழம் இல்லை.

முதல் நாள் ஒன்றிரண்டு சின்ன ஸ்பூன் போதும். வாயில் பட்ட ஸ்பூனை விட்டுக் கலக்கிய மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள்.

கேக்குக்கு மசிக்கும்போது

இதற்கு எங்கள் வீட்டில் கீரை மத்துதான். அகலமான பாத்திரத்தில் பழத்தைப் போட்டு நாலு அழுத்து அழுத்தினால் முடிந்தது. பட்டாணி அளவுக் கட்டி அங்கங்கே இருக்கட்டும்; வெந்ததும் அந்த இடம்தான் ஈரமாக, தித்திப்பாக இருக்கும். மிக்ஸி வேண்டாம் என்பது என் கட்சி. கூழாகிவிட்டால் பழம் போட்டதே தெரியாது. அப்புறம், மைதாவைச் சேர்த்தபின் மாவு மறையும்வரை கிளறினால் போதும், அதற்கு மேல் அடித்தால் கேக் ரப்பர் போல இழுக்கும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு: ஒரு முட்டைக்குக் கால் கப் மசியல். மணம் தூக்கலாக இருக்கும், கேக்கும் கொஞ்சம் கனமாகத்தான் வரும்.

மசித்து வைத்தது பழுப்பாகிறதே என்று பதற வேண்டாம். பழத்தில் உள்ள நொதி காற்றுடன் சேர்வதால் வரும் நிறம், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. கேக்குக்கு என்றால் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கறுப்பது தாமதமாகும்.

பழம் மிஞ்சினால் மசித்து, ஒரு கப் ஒரு கப்பாகப் பையில் அடைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும். வெளியே எடுத்துக் குளிர் விட்டதும் பழுப்பாகத் தண்ணீர் பிரிந்து நிற்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், பழத்தின் இனிப்பு நிறைய அதில்தான் இறங்கியிருக்கும். அப்படியே மாவில் ஊற்றுங்கள்.