சின்ன பட்டறைக்கும் அப்ரண்டிஸ் எடுக்கலாங்க

பொள்ளாச்சி, கோபாலபுரம் பக்கம் லேத்து, கயர் மில்லு வச்சிருக்கவங்க எல்லாம் ஆளு கிடைக்கலன்னு புலம்பறீங்கல்ல, ஐடிஐ முடிச்ச பசங்கள அப்ரண்டிஸா எடுத்துப் பாருங்க. கேரள எல்லைல இருக்கற கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து வர்ற பசங்க தமிழ், மலையாளம் ரெண்டும் பேசுவாங்க, பாலக்காட்டு கஸ்டமர் போன் பண்ணா அவங்களே சமாளிச்சுக்குவாங்க, அது நமக்கு ஓசி லாபம்.

4 பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் வேலை செஞ்சா எடுக்கறது நம்ம விருப்பம், 30 ஆயிட்டா மொத்த ஆளுங்கள்ல 2.5 சதவீதமாச்சும் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும், 1961 அப்ரண்டிஸ் சட்டம் அப்படி. நேப்ஸ்னு (தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டம்) 2016ல வந்த ஸ்கீம்ல, அப்ரண்டிஸுக்கு மாசாமாசம் குடுக்கற உதவித்தொகைல 25 சதவீதம், மாசம் 1500 ரூபா வரைக்கும் சென்ட்ரல் கவர்மென்ட் ஏத்துக்குது, பிஎஃப் இஎஸ்ஐ கட்டவும் வேண்டியதில்ல. அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல்ல பதிஞ்சு கான்ட்ராக்ட் போட்டாதான் இதெல்லாம், வாய்ப்பேச்சுல சேத்தா ஒண்ணும் கிடைக்காது.

ஒண்ணு மட்டும், டீ வாங்க அனுப்பியே ஆறு மாசத்த ஓட்டிராதீங்க. நம்ம பட்டறைல ஒரு பையன மொத மாசம் பூரா பேரிங் சத்தம் கேக்கவும் கிரீஸ் வைக்கவும் மட்டும் விட்டேன், இப்ப மெஷின் லேசா கரகரன்னாலே பெல்ட்ட நிறுத்திட்டு என்னத்தான் கூப்பிடறான். வெளிய இருந்து மெக்கானிக் வர்ற செலவு பாதியா குறைஞ்சிருச்சு. பயிற்சி முடிஞ்சதும் சம்பளத்த பேசி அவனையே வச்சுக்கப் போறேன்.