ஸ்கீ போகும் மலையை வெள்ளிக்கிழமை மாலை தீர்மானியுங்கள்

கோடை முடியும் முன்பே கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, போவதற்கு மலையில் வீடு பிடித்து, சரிவின் மேலே ஏற்றிவிடும் லிப்டுக்கு ஒரு கிழமை டிக்கெட்டும் வாங்கிவிட்டு, டிசம்பர் முழுவதும் தொலைபேசியில் அந்த மலையின் பனியில்லாத பச்சைப் புல்லைப் பார்த்துப் பெருமூச்சு விடும் குடும்பங்கள் சுவிட்சர்லாந்தின் பெர்னில் எனக்குத் தெரிந்தே பல உண்டு. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. நான் முதியோர் இல்லச் சமையலறையில் முறைவேலை பார்க்கிறவள். எந்தச் சனிக்கிழமை ஓய்வு என்பது வேலை அட்டவணை வந்த பிறகுதான் தெரியும். அந்தக் கட்டாயத்தில் ஏற்பட்ட பழக்கம், இந்தக் காலத்துப் பனிக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது: எந்த நாள் என்பதை அட்டவணை சொல்லும், எந்த மலை என்பதை வெள்ளிக்கிழமை மாலை வானிலை சொல்லும்.

பெர்னில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. இன்டர்லாக்கன் ரயிலும் பிரிக் ரயிலும் தூன் வழியாக ஸ்பீட்ஸ் வரை ஒரே பாதையில்தான் ஓடுகின்றன. அங்கே பிரிந்து, முதலாவது கிரிண்டெல்வால்ட், வெங்கன் என்று ஆல்ப்ஸின் வடக்கு முகத்துக்கு உங்களைக் கொண்டுபோகும். மற்றது 2007இல் திறக்கப்பட்ட 34.6 கிலோமீட்டர் லோட்ச்பெர்க் சுரங்கத்துக்குள் புகுந்து, மலைக்குத் தெற்கே வாலிஸ் மாநிலத்தின் விஸ்ப் நகரில் நிற்கும். பெர்னிலிருந்து அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

மலைத்தொடரின் இரு பக்கமும் ஒரே நாளில் ஒரே வானிலை அமைவது அரிது. வடமேற்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவந்தால் வடக்குச் சரிவுகளில் கொட்டும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்தால் தெற்குப் பக்கத்து ஸாஸ் பள்ளத்தாக்கிலும் சிம்ப்ளோனிலும் டிச்சினோவிலும் கொட்டும். அதே வேளையில் வெப்பமான தென்காற்று மலையைத் தாண்டி வடக்கே இறங்கி, இருக்கிற பனியையும் தின்றுவிட்டுக் கேபிள் கார்களையும் நிறுத்திவிடும். 2025 ஏப்ரல் நடுவில், பலரும் பருவம் முடிந்தது என்று ஸ்கீயைத் துடைத்து வைத்த பிறகு, தெற்கு ஈரம் வாலிஸில் கொட்டிய கொட்டில் அங்குள்ள ஸ்கீ ஊரான ஸெர்மாட்டுக்குப் போகும் வழியே அடைபட்டது.

ஆகவே வெள்ளி மாலை, தேநீரோடு உட்கார்ந்து முதலில் பார்க்க வேண்டியது 0 பாகை எல்லை, அதாவது காற்றின் வெப்பம் 0 பாகையாக இருக்கும் உயரம். சுவிஸ் வானிலை அறிவிப்பில் அது மீட்டர் கணக்கில் இருக்கும். அந்த உயரத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் கீழே வரை பனியாக விழும், அதற்கும் கீழே மழை. எல்லை 2,000 மீட்டரில் என்றால் 1,034 மீட்டரில் இருக்கும் கிரிண்டெல்வால்டுக்குக் குடையும் கொண்டுபோகலாம். ஊரே 1,800 மீட்டரில் இருக்கும் ஸாஸ் ஃபேயில் அன்று வெள்ளை.

அடுத்தது பனி அறிக்கை. உச்சியில் இத்தனை சென்டிமீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் மயங்காதீர்கள், ஊர் வரை இறங்கும் சறுக்குப் பாதை திறந்திருக்கிறதா என்ற வரியைத் தேடுங்கள். மூடியிருந்தால், நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் மேலேயே சுற்றிவிட்டுக் கேபிள் காரில் இறங்கிக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத்தான் சங்கடம்: பல இடங்களில் கற்றுக்கொள்கிறவர்களுக்கான சிறு லிப்ட் ஊருக்குப் பக்கத்தில், அடிவாரத்தில்தான் இருக்கும். பனி முதலில் போவதும் அங்கேதான். பிள்ளைகள் பழகும் வரை வாலிஸின் பெட்மெரால்ப், ரீடெரால்ப் போன்ற ஊர்களுக்குப் போங்கள். இரண்டும் 1,900 மீட்டருக்கு மேல், கார் போகாத மேட்டுநிலத்தில் இருக்கின்றன. ரோன் பள்ளத்தாக்கிலிருந்து கேபிள் காரில் ஏறி இறங்கினால் பழகும் இடம் வாசலிலேயே.

மூன்றாவது வெப்கேமரா. விளம்பரப் படத்தை விட அது நேர்மையானது, அவ்வளவுதான்.

லிப்ட் டிக்கெட்டை முன்கூட்டி வாங்கினால் மலிவு என்று பல மலைகளில் ஆசை காட்டுகிறார்கள். நான் வெள்ளி இரவு, மலையைத் தீர்மானித்த பிறகே வாங்குகிறேன். சில பிராங்குகள் கூடத்தான். மழையில் நனைந்துகொண்டு மலிவான டிக்கெட்டைப் பயன்படுத்தும் வைராக்கியம் எனக்கு இல்லை.

இயற்கைப் பனி குறைந்த வாரங்களில் செயற்கைப் பனிதான் கைகொடுக்கும். இந்த நாட்டின் சறுக்குப் பாதைகளில் பாதிக்கும் மேலானவற்றுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் பனி பீச்சும் இயந்திரத்துக்கும் குளிர் வேண்டும். காற்று காய்ந்திருந்தால் வேலை எளிது, ஈரமாக இருந்தால் இன்னும் குளிர வேண்டும். 2023 ஜனவரியில் அடெல்போடன் ஊரின் ஸ்கீ உலகக் கோப்பைப் போட்டி, பழுப்பும் பச்சையுமான மலையில் நாடா போலக் கிடந்த ஒரே ஒரு வெள்ளைப் பாதையில்தான் நடந்தது. அப்படிப்பட்ட பாதையில் காலையில் இறங்கும்போது காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். ஸ்கீயின் விளிம்பு நல்ல பனியில் சத்தமே போடாது. சிரட்டை தெரியும் வரை தேங்காய் துருவுவதுபோல் கரகரவென்று கேட்டால் அடியில் பனிக்கட்டி. அங்கே திரும்ப முயலாமல், பனிப்பொடி ஒதுங்கிக் கிடக்கும் ஓரத்துக்கு வந்து திரும்புங்கள். பனிக்கட்டியை விட ஆபத்து மனிதர்கள்தான்: மலை முழுவதும் பரவ வேண்டிய கூட்டம் ஒரே பாதையில் நெரியும். முதல் லிப்டுக்கே ஏறி, பதினொரு மணிக்கு ரோல்ஸும் பிளேன் டீயும் முடித்து, ஒரு மணிக்கு இறங்கிவிடுவது எங்கள் முறை. சொந்தச் சாப்பாடு சாப்பிடப் பல மலைகளில் தனி அறை இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள்.

எனக்குக் கேட்டால் பருவத்தின் சிறந்த காலம் மார்ச். உயரமான இடங்களில் பனி மிக ஆழமாகக் கிடப்பது வசந்தத்தின் தொடக்கத்தில்தான்; கூட்டமும் பெப்ரவரிப் பள்ளி விடுமுறையோடு கலைந்துவிடும். இரவில் இறுகிய மேற்பரப்பு வெயிலில் இளகும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பிடிக்க வேண்டும். காலையில் வெயில் முதலில் படும் கிழக்குச் சரிவு, பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு என்று சூரியனின் பின்னால் போங்கள். ஸ்கீக் கம்பை ஊன்றிப் பாருங்கள்: முனை மட்டும் இறங்கினால் அருமை, நுனிக்கு மேலிருக்கும் வட்டத் தட்டும் அமிழ்ந்தால் அந்தச் சரிவு அன்றைக்கு முடிந்தது. முழங்காலைத் திருகுவது அந்தக் கனத்த ஈரப் பனிதான்.

எங்குமே சறுக்க முடியாத நாளும் வரும். அப்போதும் வீட்டில் இருக்காதீர்கள். குளிர்காலத்தில் பெர்ன் நாட்கணக்கில் சாம்பல் மூடுபனிக்குள் கிடக்கும்போது, மேலே 1,500 மீட்டரில் வெயில் கண்ணைப் பறிக்கும். நடக்கும் சப்பாத்தோடு முரேன் என்ற மலையூருக்குப் போய், கீழே பள்ளத்தாக்கை அடைத்து நிற்கும் மேகத்தைப் பார்த்தபடி வெயிலில் உட்கார்ந்திருப்பது எந்தச் சறுக்கலுக்கும் குறைந்ததில்லை. என் கணவர் அதற்காகவே வருகிறார்.

புதுப்பனி விழுந்த மறுநாள்தான் குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகும் ஆசை எல்லை மீறும். பனிச்சரிவு அபாய அறிவிப்பு குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வெளியாகிறது, 1 முதல் 5 வரை படிகள். 3 என்பது நடுவில் இருப்பதால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள்; உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்தப் படியில்தான் நேர்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு எளிய, நடுத்தரப் பாதைகளைக் காட்டும் நீலம், சிவப்புக் கம்பங்களுக்கு நடுவேதான் வேலை. மஞ்சள் குறியிட்ட வழி பனிச்சரிவைக் கவனித்துத் திறக்கப்பட்டாலும் இயந்திரம் சீராக்காதது.

கருவிகளில், பிள்ளைகளுக்கு இலையுதிர் காலத்திலேயே பருவ வாடகைக்கு எடுத்துவிடுங்கள். எத்தனை நாள் போனாலும் அதே காசு. பெரியவர்கள் போகிற மலையிலேயே நாள் வாடகைக்கு எடுத்தால் போதும், பனி பொய்த்தால் நட்டமில்லை. சப்பாத்து மட்டும் சொந்தமாக இருக்கட்டும். வாடகைக் கடைகள் பழையதைக் கழித்து விற்கும் பருவக் கடைசியில், மெல்லிய ஒற்றைக் காலுறையோடு போய், போட்டுப் பார்த்து வாங்குங்கள். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடித்ததும் விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.