பசை காய்ந்தது, சொல் பதியவில்லை: சின்ன வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரம் நான் எடுத்த ஒரு பாடத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது. மொரீசியஸ் பள்ளியில் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடம். ஆளுக்கொரு காகிதக் காவடி செய்ய வேண்டும். அட்டையை வளைத்து, வண்ணக் காகிதம் ஒட்டி, மயிலிறகுக்குப் பதில் பச்சைக் காகிதத்தைக் கீற்றாகக் கத்தரித்து நாலு பாடவேளையை ஓட்டினோம். வெள்ளிக்கிழமை எல்லாக் காவடியும் சுவரில் ஏறின. வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘காவடி’ என்று அழகாக எழுதியிருந்தது. அந்த எழுத்து என்னுடையது.

திங்கட்கிழமை கரும்பலகையில் அதே சொல்லை எழுதி, முன்வரிசைப் பிள்ளை ஒருத்தியைப் படிக்கச் சொன்னேன். “கா...” என்று இழுத்தாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். உடனே “காவடி மிஸ்!” என்றாள். அவள் படித்தது பச்சைக் காகிதத்தை.

மொரீசியஸில் சின்ன வகுப்புத் தமிழாசிரியர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த நாட்டுப் பேச்சுமொழி), பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் எழுத்தைப் பிள்ளை கண்ணால் பார்க்கும் நேரமே கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்திலும் முக்கால் பங்கைக் கத்தரிக்கோலுக்கும் பசைக்கும் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறோம். இதில் வீட்டுக்கு அனுப்பும் ‘ப்ராஜெக்ட்’ இன்னும் மோசம். திரும்பி வருவது அம்மாவின் கைவேலை.

கைவேலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதவைத்த சமூகம் நாம். கையால் கற்பது நமக்குப் புதிதல்ல. படிக்காமல் முடித்துவிடக்கூடிய கைவேலைதான் பிரச்சினை. எழுத்தைப் படித்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம் என்று வேலையை அமைத்துவிட்டால் கதையே மாறிவிடும்.

இதற்குத் தமிழே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. ஏவல், அதாவது ‘செய்’ என்று கட்டளையிடும் சொல்தான், நம் வினைச்சொல்லின் மிகச் சின்ன வடிவம். வெட்டு, ஒட்டு, மடி, கட்டு, தடவு, நனை. இரண்டு மூன்று எழுத்தில் ஒரு முழு வாக்கியம். இப்போது இவற்றை அட்டையில் எழுதி, குழுவுக்கு ஆறு அட்டை வரிசையாகக் கவிழ்த்து வைக்கிறேன். ஒன்றைத் திருப்பு, வாய்க்குள் படி, செய். ‘மடி’ என்ற அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு கை கத்தரிக்கோலுக்குப் போனால், அந்தப் பிள்ளை படிக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிடும். இதைவிட நேர்மையான தேர்வு எனக்குத் தெரியாது. ஆனால் இங்கேயும் ஒரு குழி உண்டு: அவசரத்தில் நாமே அட்டையை உரக்கப் படித்துவிடுவது, அல்லது “இப்படிச் செய்யுங்கள்” என்று முதலில் செய்து காட்டிவிடுவது. காட்டிவிட்டால் அவர்கள் நம் கையைத்தான் பார்ப்பார்கள். அட்டை வெறும் அட்டை.

அடுத்தது, 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருப்பது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் ஒன்று. அட்டவணை பார்க்க அழகுதான். வகுப்பும் ராகத்தோடு ஒப்பிக்கும். கூர்ந்து கேளுங்கள்: ஒரு குரல் முன்னே போகும், இருபது குரல் அரை நொடி தள்ளிப் பின்னே வரும். அந்த இருபதும் படிக்கவில்லை, கேட்டுத் திருப்பிச் சொல்கின்றன. ட, ப, ம மூன்றையும் ஒரு புள்ளியையும் கற்றுக்கொடுத்தாலே ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ மூன்றையும் படித்துவிடலாம். முதல் வாரத்திலேயே பிள்ளை தானாக ஒரு சொல்லைப் படித்துவிடட்டும். அட்டவணை எங்கும் ஓடிவிடாது.

படங்களிலும் கவனம் வேண்டும். ‘பழம்’ என்ற சொல்லுக்கு மேல் மாம்பழப் படம் இருந்தால், பிள்ளை கம்பீரமாக “மாம்பழம்” என்று படிக்கும். பாதி சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். முதலில் படத்தைக் கையால் மறையுங்கள். சொல்லைப் படித்த பிறகு பரிசாகப் படத்தைக் காட்டுங்கள்.

கொம்பு விஷயத்தில்தான் நான் அதிகம் திணறினேன். ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பழகும் பிள்ளைக்கு ‘கெ’ ஒரு பெரிய அநியாயம். கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் ஒரே ஓசை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் நிற்கிறது. இதை விதியாக விளக்கி இரண்டு நாளை வீணாக்கினேன். பிறகு மூன்று அட்டை செய்து மூன்று பேர் கழுத்தில் மாட்டினேன்: நடுவில் ‘க’, அதன் முன்னால் கொம்பு, பின்னால் கால். கொம்புக்காரனுக்கு ஒரே கட்டளை: நீ முதலில் நிற்கலாம், முதலில் வாய் திறக்கக் கூடாது. நடுவில் நிற்பவள் “க்” என்ற பிறகுதான் அவன் “எ” சொல்ல வேண்டும். கால் வந்து சேர்ந்ததும் இருவரும் ஒன்றாக “ஒ”. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு தன் முறைக்காக அவன் நின்றதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ‘பெட்டி’யை ‘எப’ என்று தொடங்கியவர்கள் குறைவு. தொடங்கினாலும் யாராவது ஒருவர் வாயைப் பொத்திக் காட்டிவிடுவார்.

மணல் தட்டில் எழுதுவது நல்ல பழக்கம். எழுதும்போதே ஓசையைச் சொல்லவைக்காவிட்டால் அது வெறும் கோலம். ஓர் உபதேசம்: இனிப்பாக இருக்கட்டும் என்று சர்க்கரையைத் தட்டில் கொட்டாதீர்கள். கரும்பு விளையும் நாடு என்ற பெருமையில் நான் கொட்டினேன். மறுநாள் காலையில் எங்களுக்கு முன்பே எறும்புகள் வந்து ‘ஆ’ எழுதிக்கொண்டிருந்தன.

குற்றம் கண்டுபிடிக்கும் வேகத்தையும் குறைக்க வேண்டும். பிள்ளை ‘வாழை’யை ‘வாலை’ என்று படித்த அந்தக் கணமே நிறுத்தினால், வாக்கியம் செத்துப்போகும். கிரியோலில் ழகரமும் இல்லை, ளகரமும் இல்லை. நாக்குக்குக் காலம் வேண்டும். வாக்கியம் முடியட்டும், பிறகு அந்த ஒரு சொல்லை நீங்கள் சொல்லிக் காட்டினால் போதும். ஆனால் ‘பட்டு’ இருக்கும் இடத்தில் ‘பாட்டு’ என்று படித்தால் விடாதீர்கள். முன்னது நாக்கின் தவறு, பின்னது கண்ணின் தவறு.

கிரியோலை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் வேண்டாத வேலை. 2012 முதல் அதுவே ஆரம்பப் பள்ளியில் விருப்பப் பாடமாகிவிட்டது. நாம் விரட்டினாலும் போகாது, விரட்டவும் தேவையில்லை. கோயிலில் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறியைப் பாடமாக எடுத்தபோது காய்களை மேசையில் பரப்பினேன். கீரைக்கட்டைப் பார்த்து “ப்ரெட் முரூம்” என்றது வகுப்பு. ‘ப்ரெட்’ என்றால் கிரியோலில் கீரை. பலகையில் ‘முருங்கை’ என்று எழுதி, மெதுவாகப் படிக்கச் சொன்னேன். “முரு...” வந்ததும் ஒரு பையன் நிமிர்ந்தான்: “மிஸ், இது நம்ம முரூம்!” பீர்க்கங்காய் வந்தபோது ‘பிபாங்காய்’ என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டுச் சொல்லை விரட்டியிருந்தால் இந்தச் சந்தோஷம் எங்கிருந்து வரும்?

வாசிக்கப் பொருள் இல்லை என்று சொல்பவர்கள் தங்கள் பர்ஸைத் திறந்து பார்க்கட்டும். நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தொகை தமிழிலும் அச்சாகியிருக்கிறது. 1998இல் வந்த புது நோட்டுகளில் தமிழ் இந்திக்குக் கீழே தள்ளப்பட்டதும் எழுந்த எதிர்ப்பில் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு போராடிக் காத்த வரியை நம் பிள்ளைகள் படிக்காமலேயே கடையில் கொடுத்து இனிப்பு வாங்குகிறார்கள். ‘நூறு’ இரண்டே எழுத்து. ஒரு நோட்டும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் ஒரு பாடவேளை ஓடிவிடும். நோட்டை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பஞ்சில் பயறு முளைக்கவைக்கும் பாடம். எல்லாரும் செய்வது, எல்லாரும் கெடுப்பது. பயறை ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும், மிதக்கக் கூடாது. நீரில் மூழ்கிய விதைக்குக் காற்று கிடைக்காது, அழுகி நாறும். இங்கே ஜூலைதான் குளிர்காலம்; மேட்டு நிலத்தில் இருக்கும் க்யூர்பிப் ஊர்ப் பக்கத்து வகுப்பில் முளைக்க நாள் கூடும். கடலோரத் தலைநகர் போர்ட் லூயியில் சீக்கிரம் வரும். இதெல்லாம் சுலபம். பெரிய தவறு நோட்டில் நடக்கிறது: ‘விதை முளைத்துச் செடியாக வளர்ந்தது’ என்று பலகையில் எழுதிப்போட்டு, முப்பது பேரும் பார்த்து எழுதுவது. முளை வருவதற்கு முன்பே எழுதி முடித்த வகுப்பையும் பார்த்திருக்கிறேன்.

தினம் ஒரு வரி போதும், அவரவர் டப்பாவைப் பார்த்து. ஒன்றும் நடக்காவிட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்றே எழுதட்டும். ஒரு பையன் மூன்று நாள் அதையே எழுதினான், மூன்றாம் நாள் கொஞ்சம் கோபமாக, பென்சில் அழுந்த. நாலாம் நாள் எழுதியது: ‘வால் வந்தது.’ சிவப்புப் பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன். ஓரத்தில் பென்சிலால் ‘வேர்’ என்று மட்டும் குறித்தேன். அடுத்த நாள் நோட்டில் இருந்தது: ‘வேர் பெரிசு. வால் மாதிரி.’