அகத்தியரைக் காணோமா? ஸ்டெல்லேரியத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு பிப்ரவரி இரவு எட்டரை மணி, திருநெல்வேலியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அகத்தியர் நட்சத்திரத்தைக் காட்டுவதாகச் சொல்லி, புதிதாக உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்ட பழைய மடிக்கணினியோடு ஏறினேன். வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருளான ஸ்டெல்லேரியத்தைத் திறந்தால் நல்ல பகல், நீல வானம். நேரத்தை முன்னால் இழுத்து இரவாக்கினேன். நட்சத்திரங்கள் வந்தன, அகத்தியர் வரவில்லை. கனோபஸ் என்ற அவரது ஆங்கிலப் பெயரைத் தேடினால் தரைக்குக் கீழே இருப்பதாகச் சொல்கிறது. அவரோ எங்கள் கண்ணெதிரே, தெற்கில், சிரியஸுக்குக் கீழே பளிச்சென்று இருக்கிறார்.

"மாமா, உங்க லேப்டாப் ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லை. ஸ்டெல்லேரியம் பாரிஸில் நின்றுகொண்டிருந்தது. 2000-இல் இதை எழுதத் தொடங்கிய ஃபேபியன் ஷெரோ பிரெஞ்சுக்காரர். அதனாலோ என்னவோ, நீங்கள் இருக்கும் ஊர் தெரியாவிட்டால் அது உங்களைப் பாரிஸில் இறக்கிவிடும். பாரிஸிலிருந்து அகத்தியரை வருடம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது.

முதல் தவறு ஊரைச் சொல்லாதது. இரண்டாவது தவறு நான் செய்தது: ஊரைச் சரிசெய்யாமல் நேரத்தைத் திருகி ஒப்பேற்றியது. எஃப்6 விசையை அழுத்தி ஊரைத் தேர்ந்தெடுத்து, அதையே நிரந்தர இடமாக வைக்கும் கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள். சரியாக அமைந்ததா என்று பார்க்கத் துருவ நட்சத்திரம் போதும். அதன் உயரம்தான் உங்கள் ஊரின் அட்சரேகை. சென்னையில் 13 பாகை, நெல்லையில் 9-க்கும் குறைவு. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தென்னை மரத் தலையைத் தாண்டாது. திரையில் அது 49 பாகையில் நின்றால், நீங்கள் இன்னும் பாரிஸில்தான்.

இணையத்தைப் பார்த்துத் தானாகவே இடம் கண்டுபிடிக்கும் வசதியும் அதில் உண்டு. நம்பாதீர்கள். அது கண்டுபிடிப்பது உங்கள் வீட்டை அல்ல, இணைய இணைப்புக் கொடுத்தவரின் முகவரியை. நெல்லையில் இருக்கும் என்னை ஒருநாள் சென்னை என்கிறது, இன்னொரு நாள் மும்பை என்கிறது. விண்மீன் கூட்டங்களை அடையாளம் காண இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் நெல்லைக்கும் மும்பைக்கும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட 5 பாகை வித்தியாசம். பாகைக்கு 4 நிமிடம் என்றால் 20 நிமிடம். கிரகணமோ சூரிய அஸ்தமனமோ பார்க்கக் கிளம்புகிறவருக்கு இது போதும், கோட்டைவிட.

அடுத்தது கடிகாரம். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த தலைவலி. கணினிக்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. விண்டோஸை மூடிவிட்டு லினக்ஸுக்கு வந்தால், இந்திய நேரத்தின் மேல் இன்னொரு ஐந்தரை மணி நேரம் ஏறிவிடும். வீட்டுக்குள் இணையம் இருக்கும்வரை தானாகச் சரியாகிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. வைஃபை எட்டாத மாடிக்குப் போனதும் குட்டு வெளிப்படும்: இரவு ஏழு மணிக்குத் திரையில் பன்னிரண்டரை, தலைக்கு மேலே நிற்க வேண்டிய ஓரியன் திரையில் மேற்கே சாய்ந்து கிடக்கும். ஐந்தரை மணி நேரத்தில் வானம் 82.5 பாகை திரும்பிவிடுகிறது. இந்திய நேரத்துக்கு ஆதாரமான தீர்க்கரேகையும் அதே 82.5 பாகைதான், அங்கிருந்து வந்ததுதானே அந்த ஐந்தரை! லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம், ஆனால் மாற்றும்போது அதுவே எச்சரிக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து, அதைப் பொது நேரத்துக்குப் பழக்குவதே நல்லது.

நிறுவும்போது நடக்கும் குளறுபடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உபுண்டுவின் களஞ்சியத்தில் ஒன்று, ஃப்ளாட்பேக்கில் ஒன்று, ஸ்னாப்பில் ஒன்று என்று, மென்பொருள் கிடைக்கும் மூன்று வழிகளிலும் இதைப் போட்டு வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் தன் அமைப்புகளைத் தனித்தனிக் கோப்புறையில் வைக்கும். ஒன்றில் மாற்றிவிட்டு இன்னொன்றைத் திறந்து, ஏன் மாறவில்லை என்று முழிப்போம். எதற்கும் அடங்காவிட்டால் சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு ஓட்டிப் பார்ப்பது இன்னும் மோசம். நீங்கள் செய்யும் மாற்றங்கள் ரூட் எனும் நிர்வாகிக் கணக்கின் கோப்புறைக்குப் போய்விடும், அப்புறம் வழக்கம்போலத் திறந்தால் எதுவும் மாறியிருக்காது. தொலைநோக்கியை வயரில் இணைக்க அனுமதி மறுக்கப்பட்டாலும் சூடோ வேண்டாம். உங்கள் பயனர் பெயரை, அந்த வயர் இணைப்பைப் பயன்படுத்த அனுமதி பெற்ற டயல்அவுட் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள், போதும்.

எனக்கு அதிகம் வரும் புகார் வேறு வகை. "பொங்கல் அன்று சூரியன் மகரத்துக்கு வந்தாயிற்று, உங்க ஸ்டெல்லேரியம் தனுசுல காட்டுதே?" இரண்டுமே தப்பில்லை. பஞ்சாங்கத்தின் ராசி என்பது சூரியன் செல்லும் பாதையைப் பன்னிரண்டாக, ஆளுக்கு 30 பாகை என்று சமமாகப் பிரித்தது. ஸ்டெல்லேரியம் காட்டும் எல்லைகள் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 88 மண்டலங்களுக்கு வகுத்தவை. அவற்றில் சமபங்கு கிடையாது. அந்தக் கணக்கில் சூரியன் கன்னியில் ஒன்றரை மாதம் இருக்கிறது, விருச்சிகத்தை ஒரே வாரத்தில் கடக்கிறது, அப்புறம் பாம்பைப் பிடித்திருக்கும் ஒஃபியூக்கஸுக்குள் போகிறது, ஜனவரி 20 வாக்கில்தான் மகரத்தைத் தொடுகிறது. எண்களை எடுத்து ஒப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளமும் உண்டு: திரையில் வரும் தீர்க்கம் சம இரவுப் புள்ளியிலிருந்து அளந்தது, நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நம் பஞ்சாங்கத்தின் நிராயனக் கணக்கு அல்ல. இரண்டுக்கும் உள்ள இடைவெளியான அயனாம்சம் சுமார் 24 பாகை. அதைக் கழிக்காமல் யாருக்கும் ஜாதகம் எழுதிவிடாதீர்கள்.

காலத்தில் பின்னால் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டெல்லேரியத்தில் பூஜ்யம் என்ற ஆண்டு உண்டு, அது கி.மு. 1. ஆகவே மைனஸ் 100 என்று அடித்தால் நீங்கள் போய் நிற்பது கி.மு. 101-இல். 1582 அக்டோபர் 15-க்கு முந்தைய தேதிகளெல்லாம் ஜூலியன் நாட்காட்டிப்படி. போதாக்குறைக்குப் பூமியின் சுழற்சியும் மெல்ல மெல்லத் தளர்ந்துவருகிறது. 2000 ஆண்டுகள் பின்னே போனால் அதற்கான திருத்தமே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பழைய சூரிய கிரகணம் எந்த ஊரில் தெரிந்தது என்பதை அது மாற்றிவிடும். ஒரு கிரகணத்தை வைத்துப் புராணத்துக்குத் தேதி குறித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இதில் எதையாவது பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

செயற்கைக்கோள் பார்க்கிறவர்கள் சுற்றுப்பாதைத் தரவைப் புதுப்பித்தீர்களா என்று பாருங்கள். விண்வெளி நிலையம் காற்றின் இழுவையில் தாழ்வதும் அதை மறுபடி உந்தி ஏற்றுவதும் நடந்துகொண்டே இருப்பதால், வாரக்கணக்கில் பழையதான தரவு நேரத்தைச் சரியாகச் சொல்லாது.

கடைசியாகக் கண். இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும், வெள்ளைத் திரையை ஒரு முறை பார்த்தால் எல்லாம் போச்சு. அதற்குத்தான் கண்ட்ரோலும் 'N' விசையும் சேர்ந்த சிவப்பு இரவுமுறை. ஆனால் அது ஸ்டெல்லேரியத்தின் ஜன்னலை மட்டும்தான் சிவப்பாக்கும், உபுண்டுவை அல்ல. அந்தப் பிப்ரவரி இரவில், பாரிஸிலிருந்து ஒருவழியாக நெல்லைக்கு வந்து, எல்லாரும் இருட்டில் கண் பழகி உட்கார்ந்திருந்தபோது, திரையின் உச்சியில் வெள்ளைப் பட்டையாக ஒன்று குதித்தது: புதிய அப்டேட்கள் தயாராக உள்ளனவாம். மாடிக்கு ஏறும் முன்பே அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள்.