நீளமான டச்சுச் சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

நெதர்லாந்துக்கு வந்ததும் வீட்டுக்கு வரும் கடிதங்களில் முதலில் மிரட்டுவது சொற்களின் நீளம்தான். மருத்துவக் காப்பீட்டுக்கு 'ஸோர்க்வெர்ஸேகெரிங்' என்று ஒரே சொல். நாம் அதை எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்து வாசிப்போம். தமிழுக்கு அது சரி. டச்சுக்காரர் காதில் சொல்லே பிடிபடாமல் போகலாம்.

பென்சிலால் நடுவே ஒரு கோடு போடுங்கள்: ஸோர்க் | வெர்ஸேகெரிங். பின்சொல் தனியாக நின்றால் அழுத்தம் 'ஸே'யில் விழும். சேர்ந்ததும் முதன்மை அழுத்தம் 'ஸோர்க்'குக்குப் போய், 'ஸே' சற்றுத் தணியும். பெரும்பாலான கூட்டுப் பெயர்ச்சொற்கள் இப்படித்தான். முதல் அசையில்தான் அழுத்தம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். முன்சொல்லில் எது அழுந்துமோ அதுவே அழுந்தும். நகராட்சி அலுவலகமான 'கெமேன்டெஹௌஸ்' என்பதில் அது 'மேன்'.

நமக்கு உண்மையான சிக்கல் புணர்ச்சிப் பழக்கம். மெய்யை அடுத்து உயிர் வந்தால் நம் நாக்கு சும்மா இருக்காது. தமிழ் + அகம் தமிழகம் ஆகிவிடும். குடும்ப மருத்துவரை 'ஹௌ-ஸார்ட்ஸ்' என்று சொல்வது இதனால்தான். வீடு என்ற 'ஹௌஸ்' அங்கே முடிய வேண்டும், மருத்துவர் என்ற 'ஆர்ட்ஸ்' புதிதாகத் தொடங்க வேண்டும்: ஹௌஸ்-ஆர்ட்ஸ். வரிக் கடைசியில் சொல்லை முறித்து எழுதும்போதும் எல்லை அதேதான். (இந்த 'ஹௌ' கிட்டத்தட்டத்தான், அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. கேட்டுத்தான் பழக வேண்டும்.)

எல்லை மாறினால் பொருளே மாறும் சொல்லும் உண்டு. massagebed என்ற ஒரே எழுத்துவரிசையை 'மஸ்ஸாஷெ-பெட்' என்று பிரித்தால் மசாஜ் கட்டில். 'மஸ்ஸா-கெபெட்' என்றால் கூட்டுப் பிரார்த்தனை. அழுத்தமும் கூடவே 'ஸா'விலிருந்து 'மஸ்'ஸுக்கு நகரும்.

விதிவிலக்குகளை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நகர மண்டபமான 'ஸ்டட்ஹௌஸ்' கடைசி அசையில் அழுந்தும். ஆம்ஸ்டெல், ரொட்டெ ஆறுகளின் அணைகளால் பெயர் பெற்ற ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம் இரண்டிலும் 'டாம்' அழுந்தும். ஆனால் ஐந்தோவனில் முதல் அசை.

வினைச்சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். 'ஃபோர்கோமென்' என்பதில் 'ஃபோர்' அழுந்தினால் 'நிகழ்தல்', 'கோ' அழுந்தினால் 'தடுத்தல்'. மருத்துவர் ஒரு நோயைப் பற்றிப் பேசும்போது இரண்டும் வரும். புரியவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்: "வார் லிக்ட் டெ க்லெம்டோன்?" அழுத்தம் எங்கே என்று பொருள்.