சின்ன மெரைன் டேங்க்: முதல்ல உயிருங்க, அப்புறம் லைட்டு

மெரைன் டேங்க், அதாவது கடல் மீன் வளர்க்குற உப்புத்தண்ணி தொட்டி, அந்த ஆசை வந்ததும் முக்காவாசி பேரு முதல்ல போய் லைட்டதான் வாங்குறாங்க. நீலமா ஜொலிக்கும், ரிமோட்டு ஆப்பு எல்லாம் இருக்கும், பாத்ததும் கை தானா பர்ஸுக்குப் போயிரும், நானும் அப்படித்தான் வாங்கினேன், அந்த லைட்டு இப்ப பரண்மேல கிடக்கு. உள்ள என்ன வாழப்போகுதுன்னு முடிவு பண்ணாம லைட்டு வாங்கவே கூடாது. மீன் மட்டும்னா சாதாரண எல்இடி போதும், அதுக்கு பகலா ராத்திரியான்னு தெரிஞ்சா சரி. வெளிச்சத்த நம்பி வயிறு வளர்க்குறது கோரல்தான் (பவளம்), அதோட உடம்புக்குள்ள இருக்குற நுண்பாசி சமைச்சுப் போடுறதுதான் அதுக்கு பெரும்பாலான சாப்பாடு.

நான் சொல்றது ரெண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயர தொட்டிக்கு. கல்லு மணல் போக நூறு லிட்டர் தண்ணி நிக்கும். இதுல மூணு மீன், ரொம்ப மிஞ்சினா நாலு. கடையில குட்டியா இருக்கேன்னு பாக்காதீங்க, வளந்தா எவ்வளவு ஆகும்னு கேளுங்க. டோரின்னு எல்லாரும் கேக்குற ப்ளூ டேங் மீன் ஒரு அடி வரைக்கும் வளரும், நாள் பூரா நீந்துற மீனு, அத ரெண்டடி தொட்டியில போடறது பாவம்.

க்ளவுன் மீன் ஜோடி தாராளமா வைக்கலாம். இது எல்லாமே ஆணாதான் பொறக்கும், கூட்டத்துல பெருசு பெண்ணா மாறிடும், அதனால ரெண்டு குட்டியா, ஒண்ணு கொஞ்சம் பெருசு ஒண்ணு கொஞ்சம் சிறுசா பாத்து எடுங்க, தகராறு குறைவா இருக்கும். ரெண்டும் வளர்ந்த பெண்ணா வந்துச்சுன்னா ஒண்ணு செத்தாதான் சண்டை நிக்கும். கடல்ல புடிச்சத விட ஹேட்ச்சரியில பொரிச்ச குட்டியே நல்லது, வந்த ரெண்டாவது நாளே பெல்லட் தீவனம் தின்னும். நம்ம சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) விஞ்ஞானிங்க க்ளவுன் குஞ்சு பொரிக்க வைக்கிறத எப்பவோ பண்ணிட்டாங்க, அதனால கடையில கூச்சப்படாம ‘பொரிச்சதா புடிச்சதா’ன்னு கேளுங்க.

அடுத்தது வாட்ச்மேன் கோபின்னு ஒரு மீன், கூடவே ஒரு பிஸ்டல் இறால். இறால் பொந்து தோண்டும், அதுக்கு கண்ணு மந்தம், கோபி வாசல்ல உக்காந்து காவல் காக்கும். லைட்டே போடாம இத பாத்துட்டே ஒரு சாயங்காலம் ஓட்டலாம். நாலாவது மீனா ஃபயர்ஃபிஷ் சரி, ஆனா பயந்தா துள்ளி வெளிய விழும், மேல வலை மூடி கட்டாயம். பாசி திங்க டர்போ நத்தை ரெண்டு மூணு, ஒரு க்ளீனர் இறால், அவ்வளவுதான்.

சேராதது என்னன்னா, ப்ளூ டாம்ஸல் மீன். விலை கம்மி, எதுக்கும் சாகாதுன்னு சொல்லி ஒரு கடையில என் தலையில கட்டினாங்க, ஒரே வாரத்துல ஃபயர்ஃபிஷ்ஷ ஓட ஓட விரட்டி மூலையில ஒடுக்கிருச்சு, அத திரும்பப் புடிக்க கல்லு மொத்தத்தையும் வெளிய எடுக்க வேண்டியதாப் போச்சு. மாண்டரின் மீன் அழகுதான், ஆனா பெரும்பாலும் உயிரோட இருக்குற குட்டி கோப்பிபாட் பூச்சியத்தான் தின்னும், புது சின்ன தொட்டியில அது தீந்துரும், மீன் மெலிஞ்சு செத்துரும். லயன்ஃபிஷ் வாயில நுழையுற எதையும் முழுங்கும். பட்டர்ஃப்ளை மீனுல பல ஜாதி கோரலையே கொத்தித் தின்னும். கடல்ல க்ளவுன் குடியிருக்குற அனிமோன்ங்குற உயிரு இல்லாமலே க்ளவுன் நல்லாவே வாழும், அதனால அனிமோன ஒரு வருஷத்துக்கு நினைக்காதீங்க, இடம் புடிக்கலன்னா நகந்து போய் பம்புல மாட்டி கிழிஞ்சு தொட்டியவே நாசம் பண்ணிரும். வெள்ளப்புள்ளி நோய்க்கு காப்பர் மருந்து ஊத்தணும்னா மீன தனித் தொட்டிக்கு மாத்தி ஊத்துங்க, இறாலும் நத்தையும் காப்பர தாங்காது.

கோரல் பத்தி ஒரு விஷயம் பலருக்கு தெரியல. நம்ம நாட்டு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல கல்லு மாதிரி வளர்ற கோரல் எல்லாம், கடல் விசிறியும் சேத்து, கடல் குதிரையும் கூட, புலிக்கு சமமா முதல் பட்டியல்ல இருக்கு. மன்னார் வளைகுடாவுல எடுத்த ‘லைவ் ராக்’னு யாராவது தந்தா அதுவும் செத்த கோரல்தான், கையே வைக்காதீங்க. செராமிக் கல்லு போதும். என் தொட்டியில காளான் கோரல், ஸொயாந்தித், லெதர்னு சாஃப்ட் வகைதான், அதையும் பில்லு வாங்கித்தான் எடுத்தேன். ஸொயாந்தித் சிலதுல கொடிய விஷம் இருக்கு, க்ளவுஸ் இல்லாம தொடாதீங்க, அது ஒட்டின கல்ல வெந்நீர்ல போடவே போடாதீங்க, ஆவியே ஆள ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

இப்ப லைட்டு. வாட் கணக்கு எதுவும் சொல்லாது, ‘பார்’ (PAR) கணக்குதான் கேக்கணும், அதாவது கோரல் இருக்குற இடத்துக்கு எவ்வளவு உபயோகமான வெளிச்சம் போய்ச் சேருதுன்னு. காளானுக்கு 50 பக்கம், மத்த சாஃப்ட் கோரலுக்கு 80லேர்ந்து 150. ஒன்றரை அடி ஆழத்துக்கு இத குடுக்க பெரிய லைட்டே வேணாம். நல்ல தண்ணி தொட்டிக்கு விக்கிற வெள்ளை லைட்ட தவிர்த்துருங்க, 420லேர்ந்து 460 நானோமீட்டர் நீலம் நிறைய இருக்குறதா, ஒவ்வொரு நிறத்தையும் (சேனல்) தனித்தனியா குறைக்க முடியுறதா பாருங்க. ஆரம்பத்துல 30 சதவீதம், வாரம் அஞ்சு அஞ்சா ஏத்துங்க, டைமர்ல எட்டு மணி நேரம். மீட்டர் இல்லாட்டி கோரலையே பாருங்க: ஸொயாந்தித் கழுத்த நீட்டி மேல எட்டுதுன்னா வெளிச்சம் பத்தல, காளான் சுருங்கி வெளுக்குதுன்னா ஜாஸ்தி. காளான மணல் மேல, ஸொயாந்தித்த நடுக்கல்லுல வைங்க.

சென்னை மே மாசத்துல லைட்டு சூடும் சேர்ந்தா தண்ணி 30 டிகிரிய தாண்டிரும், கோரல் வெளுக்க அது போதும். தண்ணி மேல படுற மாதிரி ரெண்டு கம்ப்யூட்டர் ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ஆனா தண்ணி ஆவியாகும், உப்பு ஆகாது, அதனால குறைஞ்ச அளவுக்கு ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க, உப்புத்தண்ணி ஊத்தினா உப்பு ஏறிட்டே போகும். உப்பு அளவு, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி கணக்குல, 1.025ல நிக்கணும்.

தொட்டி நாலஞ்சு வாரம் சைக்கிள் ஆகி, அதாவது கழிவ உடைக்கிற நல்ல பாக்டீரியா வளர்ந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனதும் முதல்ல நத்தை, அப்புறம் சாதுவா இருக்குற ஃபயர்ஃபிஷ், ரெண்டு வாரம் விட்டு கோபியும் இறாலும், க்ளவுன் கடைசியில. முன்னாடியே உள்ள வந்த க்ளவுன், தொட்டி முழுக்க தனக்கு பட்டா போட்ட மாதிரி நடந்துக்கும்.