வீட்டுக்குள் வௌவால் வந்துவிட்டால் செய்யக்கூடாதவை

இருட்டிய பிறகு சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு ஜன்னல் வழியாக வௌவால் ஒன்று உள்ளே வந்துவிட்டால், பலரும் முதலில் தேடுவது விளக்குமாற்றைத்தான். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். விரட்ட விரட்ட அது கூரையை ஒட்டியே சுற்றும், கடைசியில் மின்விசிறியில் அடிபடும். வௌவாலின் இறக்கை, நீண்ட விரல் எலும்புகளுக்கு நடுவே விரிந்திருக்கும் மெல்லிய தோல். ஓர் எலும்பு முறிந்தாலும் பறப்பது கஷ்டம். முதலில் விசிறியை நிறுத்துங்கள். ஜன்னல்களை முழுக்கத் திறந்து, விளக்கை அணைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பெரும்பாலும் அதுவே போய்விடும்.

வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உக்ரேனின் கார்கிவ் நகரமே சாட்சி. அங்கே நாக்டியூல் என்ற பூச்சியுண்ணும் வௌவால்கள் அடுக்குமாடிச் சுவர் இடுக்குகளில் தூங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும். 2022இல் போர் மூண்டதும் குண்டுவீச்சில் ஜன்னல்கள் நொறுங்கின, ஆட்களும் ஊரைவிட்டுப் போனார்கள். உடைந்த ஜன்னல் வழியே காலி வீடுகளுக்குள் நுழைந்த வௌவால்கள் வெளியேற முடியாமல் செத்தன. அங்குள்ள மீட்பு மையத்தினர் அந்த ஆபத்திலும் கட்டடங்களுக்குள் தேடி, உயிரோடு இருந்தவற்றை எடுத்து வந்தார்கள். நாம் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டாலே போதும்!

அடுத்த தவறு பயத்தால் வருவது. 1999இல், வௌவால்களிடம் இயல்பாகக் காணப்படும் நிப்பா கிருமியால் இங்கே 11 இறைச்சிக்கூட ஊழியர்கள் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். அது இறக்குமதியான பன்றிகள் மூலம் வந்தது. அதற்காக வீட்டு வாசலில் பழம் தின்னும் சின்ன வௌவாலை அடிக்க வேண்டியதில்லை. அனுமதியின்றி அதைக் கொல்வதும் பிடிப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நம் மேம்பாலங்களுக்கு அடியில் தங்கும் தேன் வௌவால்கள்தான் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சுவரில் எச்சமும் பழச்சக்கையும் ஒட்டியிருந்தால் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், தூசி பறக்கும். கையுறை, முகக்கவசம் போட்டு, நனைத்துத் துடையுங்கள். வெறுங்கையால் வௌவாலைத் தூக்கவும் வேண்டாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, உடனே மருத்துவரைப் பாருங்கள். அடிபட்டுக் கீழே கிடந்தால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியால் மூடிவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தையோ ஏக்கர்ஸ் (ACRES) விலங்கு மீட்புக் குழுவையோ அழையுங்கள்.